ஒருபாலினத் திருமணம் பற்றிய இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அறிந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?

2023 ஒக்டோபர் 17 அன்று வந்த அந்தத் தீர்ப்பு இலங்கையில் இருக்கும் நமக்கு எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பியும் அவனுடைய துணைவரும் உவர்மலையில் ஒரே வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், நீரிழிவால் தம்பியின் காலில் இருந்த புண் முற்றி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினான். துணைவர் நள்ளிரவில் அயலவரின் ஓட்டோவில் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். விரலை அகற்றுவதற்கான சம்மதப் படிவத்தில் 'உறவு முறை' என்ற இடத்தில் அவர் 'நண்பர்' என்று எழுத, இரத்த உறவினர் ஒருவர் வரவேண்டும் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உப்புவெளியிலிருந்து பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளில் நான் போய்ச் சேர விடிந்துவிட்டது. 'நண்பர்' என்ற சொல்லின் மேல் ஒற்றைக் கோடு இழுக்கப்பட்டிருந்தது; அதற்கு மேலேயே 'சகோதரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தத் தாதியை நான் குறை சொல்லவில்லை. படிவத்தில் வேறு இடம் இல்லை.

மறு ஆண்டு தீர்ப்பு வந்தபோது அவர்கள் வீட்டில் இருந்துதான் செய்தியை உரக்க வாசித்தேன். திருமணம் செய்யும் அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டிருந்தார்கள்; இணைந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் வேண்டும் என்பதை மூவர் மறுக்க, தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் மட்டுமே ஏற்றார்கள். தம்பிக்கு இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்த துணைவர், ஊசியை எடுத்துவிட்டு, "அக்கா, ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கினமோ?" என்று கேட்டார். இப்படியான இடர்களை ஆராய அரசு ஒரு குழு அமைக்குமாம் என்றேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். எனக்குத் தோன்றியது என்ன என்று கேட்டீர்களே, அந்தப் பஞ்சைப் பிடித்திருந்த கையைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போனேன்.

இது மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் எழுத வருவார்கள் என்பதை அறிவேன். மேல்நாட்டிலிருந்து வந்தது சட்டம்தான். 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைக் கோவையில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன, 1995இல் பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாது என்று நமது நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023 மே மாதமே சொல்லியும், அந்த நாடாளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். கோணேசர் சந்நிதியில் தாலி கட்டித் தாருங்கள் என்று என் தம்பி யாரிடமும் கேட்டதில்லை. குடும்பமாவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதை வாசித்தபோது, அந்த வரியை அச்செடுத்து அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போதும் மாதந்தோறும் கிளினிக்குக்கு மூவரும் போகிறோம். எத்தனை அலகு இன்சுலின், எந்தக் குளிசை ஒத்துவராது, புண் எந்த நாளில் கசிந்தது என்பதெல்லாம் துணைவருக்குத்தான் மனப்பாடம். வைத்தியர் கேட்கும்போது அவர் மெல்லிய குரலில் எனக்குச் சொல்ல, உறவினர் என்ற முறையில் நான் அதை உரக்கச் சொல்கிறேன்.