தனித்திருக்கக் கூடாத துறவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். சென்ற மாதம் ஒரு மதியம் இரண்டு பையன்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, ஆளுக்கொரு சைக்கிள். கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா மட்டும்தான் வீட்டில். நல்ல வெயில். "உள்ள வந்து உக்காருங்கய்யா" என்று அம்மா கையைக் காட்டியும் அவர்கள் வாசலைத் தாண்டவில்லை. சனிக்கிழமை நான் இருக்கும்போது மறுபடி வந்தார்கள், உள்ளேயும் வந்தார்கள். அம்மா ஃபில்டர் காபி போட்டு எடுத்து வந்தார். அதைத் தொடவில்லை, தண்ணீர் போதும் என்றுவிட்டார்கள். "நம்ம வீட்ல கை நனைக்க மாட்டாங்களோ?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர்களில் ஒருவனுக்கு 19 வயது. என் மகனுக்கும் அதே வயதுதான், அவன் துணியை இன்னும் அவன் அம்மாதான் துவைக்கிறாள். கல்லூரியில் இருக்க வேண்டிய வயதில் இப்படி வீடு வீடாக அலைய விடுவது மூளைச்சலவை இல்லையா? எந்த அப்பா அம்மா இதற்குச் சம்மதிக்கிறார்கள்? இவர்களுடைய நாள் எப்படித்தான் போகிறது? நீங்கள் மார்மன்களின் தாயகமான யூட்டாவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். மறுபடி வந்தால் என்ன சொல்லி அனுப்புவது?

கே., பிளேனோ

அன்புள்ள கே,

அம்மாவின் மனக்குறையை முதலில் தீர்த்துவிடலாம். அது தீட்டு பார்ப்பதல்ல, விரதம் என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். வந்தவர்கள் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகள், வீடு வீடாகப் போய் மதத்தைப் பரப்புகிறவர்கள். மார்மன்கள் காபி, தேநீர், மது, புகையிலை எதையும் தொடுவதில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், இறைவனிடமிருந்து தனக்கு வந்ததாக 1833-இல் சொன்ன விதி அது. ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்திருந்தால் குடித்திருப்பார்கள். மோரும் ஆகும். யூட்டாவில் நான் இருந்த பகுதியில் காபிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். ஆனால் கோலாவில் தேங்காய்ச் சாறும் க்ரீமும் ஊற்றி, காரை விட்டு இறங்காமலே வாங்கிக் குடிக்கும் சோடாக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. கோலாவுக்குத் தடை கிடையாது. நம் வீட்டு ஏகாதசிப் பலகாரத் தட்டை நினைத்துக்கொண்டேன்.

வெயிலில் நின்றதும் விதிப்படிதான். ஒரு பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஆண் மிஷனரிகள் போகக் கூடாது, இன்னொரு ஆணும் உடன் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு எழுபது வயதானாலும் இதில் விலக்கு இல்லை.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்று அழைப்பதைத் தவிர்க்கும்படி 2018-இல் அதன் தலைவராக இருந்த ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். எல்லோருக்கும் பழகிய பெயர் என்பதால் நான் அதையே எழுதுகிறேன், அவர்கள் எதிரில் முழுப்பெயரைச் சொல்வது மரியாதை.

நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். காலை 6:30-க்கு எழ வேண்டும். முழங்காலிட்டு ஜெபம், அரைமணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. எட்டு மணியிலிருந்து சபையின் தனி வேதமான மார்மன் நூலையும் பைபிளையும் அவரவர் படிப்பது, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பது. வேற்று மொழி நாடு என்றால் மொழிப்பாடம் வேறு. பத்து மணி வாக்கில் தெருவில் இறங்கினால் இரவு ஒன்பதுக்குத்தான் அறை. மறுநாளைக்கான திட்டத்தை எழுதிவிட்டு 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். 2017-இல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஊருக்கேற்ப முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, 'தயாரிப்பு நாள்'. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். அன்று மாலையே மறுபடி டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை, நாவல் இல்லை, காதல் இல்லை. பெயரும் பாதிதான். பட்டையில் 'எல்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயர், பெண் என்றால் 'சிஸ்டர்'. ஒரே அறையில் தூங்கும் இரண்டு பையன்கள்கூட ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். 2012-இல் வயது வரம்பை ஆண்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் (2025-இல் அவர்களுக்கும் 18) குறைத்தார்கள். பெண்கள் பெருமளவில் வரத் தொடங்கியது 2012-க்குப் பிறகுதான்.

இதுவரை சொன்னதில் உங்களுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. நம் ஊர் மடத்திலும் சபரிமலை விரதத்திலும் பார்த்ததுதான். எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறொன்று. வள்ளலார் சொன்னதாக நாம் மூன்றைச் சொல்லி வளர்ந்திருக்கிறோம்: பசித்திரு, தனித்திரு, விழித்திரு. இந்தப் பையன்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பசித்திருக்க அனுமதி உண்டு. அன்று இரண்டு வேளை உண்ணாமல், மிச்சமாகும் காசை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். விழித்திருந்தால் விதிமீறல். தனித்திருந்தால் பெரிய விதிமீறல்.

ஒவ்வொரு மிஷனரிக்கும் 'கம்பானியன்' என்று ஒருவனை ஒதுக்குகிறார்கள். எப்போதும் அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், குரல் கேட்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஒரே அறையில் தூக்கம், ஒன்றாக ஜெபம், ஒன்றாகக் கடை, ஒன்றாக மருத்துவமனை. குளியலறையில் இருக்கும்போதும், மிஷன் தலைவர், அதாவது அந்த வட்டாரத்து மிஷனரிகளுக்குப் பொறுப்பானவர், தனியே அழைத்துப் பேசும்போதும் தவிர வேறு விடுப்பு கிடையாது. யாருடன் சேர்த்து வைப்பது என்பதைத் தலைவர் முடிவு செய்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாற்றலில் ஜோடி பிரியலாம், பிரியாமலும் போகலாம். ஒத்துவராவிட்டால் அடுத்த மாற்றலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். வாரம் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து, தங்களுக்குள் எது சரியாக இருக்கிறது, எது உறுத்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. பதினெட்டு வயது ஆண் பிள்ளைகள். நம் ஊரில் வெள்ளிவிழாக் கொண்டாடிய தம்பதிகளிடம் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் 1990-களில் ஃபின்லாந்துக்குப் போயிருந்தார். பனியைப் பற்றியோ மூடிய கதவுகளைப் பற்றியோ அவர் பெரிதாகச் சொன்னதில்லை. சாப்பிடும்போது சப்புக்கொட்டும் ஒரு கம்பானியனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் குளிக்கும் பழக்கம் தனக்கு அங்கேதான் வந்தது என்பார். மதம் மாறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. பிரேசிலுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போனவர்கள் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் திரும்புவார்கள், வட ஐரோப்பாவுக்குப் போனவர் சும்மாவே திரும்புவார். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 2023-இல் சுமார் 68,000 மிஷனரிகள், புதிதாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,52,000 பேர். ஆளுக்கு நான்குகூட இல்லை. எந்த ஊர் என்பதையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் போடலாம், தலைமையகமான சால்ட் லேக் சிட்டியில், அப்போஸ்தலர்கள் எனப்படும் சபையின் மேல்மட்டத் தலைவர்களில் ஒருவர் இடத்தை முடிவு செய்வார். முன்பு தபாலில் பெரிய வெள்ளை உறை வரும், உறவுகள் கூடியிருக்கப் பிரிப்பார்கள். 2018-க்குப் பிறகு இணையத்தில் வருகிறது, கூட்டம் மட்டும் குறையவில்லை.

மூளைச்சலவை என்ற சொல்லில் எனக்கு ஒப்புதல் இல்லை. அது நமக்குப் பிடிக்காத மதத்துக்கு மட்டும் நாம் எடுத்துவைக்கும் சொல். ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. சந்தேகம் என்பது மனிதனுக்குத் தனிமையில் வருவது, இரவில் வருவது. இவர்களுக்குத் தனிமையும் இல்லை, இரவும் இல்லை. கம்பானியன் துணைவன்தான், காவலனும்கூட. ஒருவன் தளர்ந்தால் மற்றவன் தாங்குகிறான், ஒருவன் விதி மீறினால் மற்றவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மனித மனத்தின் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் மரபில் துறவி கூட்டத்தை விட்டுப் போகிறான், போய்த் தனக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கிறான். இங்கே பையனிடமிருந்து முதலில் பிடுங்கப்படுவதே அந்தத் தனியறைதான். ஊரைவிட்டு ஓடிப்போய் ஆசிரமத்தில் சேர்ந்த நம் பிள்ளைகள் அனுபவித்த விடுதலையில் ஒரு துளிகூட இதில் கிடையாது. மனிதனுக்குத் தேவையான பயிற்சி இது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பாதியில் திரும்புகிறவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. உடம்பு முடியாமலோ மனச்சோர்வினாலோ வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் யாரும் தவறாக ஒன்றும் கேட்க மாட்டார்கள், அந்த அன்புதான் அவர்களுக்குத் தாங்காது. தகுதியுள்ள ஒவ்வோர் இளைஞனும் மிஷன் போக வேண்டும் என்று 1974-இல் அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அறிவித்தார். பெண்களுக்கு அது விருப்பம், ஆண்களுக்குக் கடமை. யூட்டாவின் சின்ன ஊர் ஒன்றில் பத்தொன்பது வயதில் வீட்டிலேயே இருக்கும் பையன், முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத நம் ஊர்ப் பையன் மாதிரிதான், பார்க்கிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டும்.

எந்த அப்பா அம்மா சம்மதிப்பார்கள் என்றா கேட்டீர்கள்? செலவும் அவர்களுடையதுதான். சம்பளம் என்று எதுவும் கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையிலிருந்து 500. ஆக இரண்டு ஆண்டுக்கு 12,000 டாலர். 1991-க்கு முன்பு எந்த ஊரோ அந்த ஊரின் விலைவாசிப்படி செலவு, ஜப்பானுக்குப் பிள்ளை போனால் தகப்பனுக்கு நடுக்கம்தான். இப்போது எல்லோரும் ஒரே தொகையைப் பொதுவில் கட்டுகிறார்கள், அதிலிருந்து வாடகையும் மளிகைப் பணமும் கொடுக்கப்படுகிறது. பிள்ளை பிறந்ததிலிருந்தே உண்டியலில் சேர்க்கும் வீடுகள் உண்டு. 2019 பிப்ரவரி வரை ஆண்டுக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்குப் பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். பழையவர்கள் இதைக் கேட்டால் "நாங்களெல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சால்ட் லேக் விமான நிலையத்தில் திரும்பி வரும் பிள்ளைகளுக்காகப் பதாகையோடு நிற்கும் குடும்பங்களால் வழியே அடைபடும். 2020-இல் திறந்த புதிய கட்டடத்தில் வரவேற்பவர்களுக்கென்றே பெரிய கூடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

இன்னொன்று, இது உங்கள் கேள்வியில் இல்லை. இவர்கள் நம் ஊருக்கும் வந்திருக்கிறார்கள், அதுவும் மிக முன்பே. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் கூடிய ஒரு மாநாட்டில் பல நாடுகளுக்கு ஆட்களைக் குறித்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் (ஸ்காட்லாந்தில் பிறந்தவர்), ராபர்ட் ஸ்கெல்டன் ஆகிய இருவரும் 1853-இல் மதராஸ் வந்து சேர்ந்தார்கள். பாலன்டைன் அப்போது பையன் அல்ல, முப்பத்தைந்து வயதைக் கடந்த குடும்பஸ்தர். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார்கள், ஆங்கிலேயர்களிடமும் ராணுவத்தினரிடமும் பேசிப் பார்த்தார்கள், சேர்ந்தவர்கள் வெகு சிலர். அதே மாநாட்டில்தான் பலதார மணத்தைத் தங்கள் கொள்கையாகச் சபை வெளிப்படையாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தி இவர்கள் எங்கே போனாலும் எதிரே வந்து நின்றது. ஓராண்டு போல இருந்துவிட்டு, உடல்நலம் கெட்டு, பாலன்டைன் கப்பலேறினார். பலதார மணத்தைச் சபை 1890-இல் கைவிட்டது. உங்கள் வாசலில் நின்ற பையனிடம் அதைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம், அவன் கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்திய விவகாரம்.

மறுபடி வந்தால் என்ன சொல்வது? உங்களுக்கு ஆர்வம் இருந்தால் பேசுங்கள். 2004-க்கு முன்பு மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பார்கள், இப்போது சொந்த வார்த்தையில் சொல்கிறார்கள், எதிர்க்கேள்வி கேட்டால் தாங்குகிறார்கள். ஆர்வம் இல்லையென்றால் நம் வழக்கப்படி "பார்க்கலாம்", "இப்போ கொஞ்சம் வேலை", "அடுத்த மாசம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களிடம் ஒரு வட்டாரப் பதிவேடு இருக்கிறது, இப்போது கைபேசியில். பேசிய ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் குறித்து வைக்கிறார்கள். மாற்றலில் ஆள் போனாலும் குறிப்பு போகாது. உங்கள் "அடுத்த மாசம்" புதிதாக வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் கைமாறும், அவர்களும் நம்பி சைக்கிளை மிதித்து வருவார்கள். "விருப்பம் இல்லை, இனி வர வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பழக்கம்தான், அதையும் குறித்துக்கொள்வார்கள்.

அம்மா இன்னும் சில மாதம் அங்கே இருக்கப் போகிறார் என்றால், பக்கத்தில் உள்ள அவர்கள் சபையில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள், பல ஊர்களில் நடத்துகிறார்கள். வீடு மாற்றும்போது பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டாலும் கூப்பிடலாம். டையைக் கழற்றிவிட்டு வந்து சோபாவைத் தூக்குவார்கள், வாரத்தில் சில மணி நேரத்தை இந்த மாதிரி வேலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பேருமே வருவார்கள்.