ஒப்புமை 38 சதவீதம்: ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். எண்ணூர் கழிமுகத்தில் பறி என்னும் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முன்னாய்வுகள் பற்றிய இயலை நெறியாளர், பிறர் எழுத்தோடு ஒத்துப்பார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார். 38 சதவீதம் ஒப்புமை என்று வந்தது. நான் எதையும் அப்படியே எடுத்து ஒட்டவில்லை. வரிக்கு வரி சொற்களை மாற்றினேன், யார் எழுதிய கட்டுரை என்பதையும் குறிப்பிட்டேன். 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர மூன்று வாரம் கொடுத்திருக்கிறார். 4,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு நாளில் குறைத்துத் தருவதாக ஒரு ஜெராக்ஸ் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்தைக் குறைக்க வேண்டும். "நான் திருடி இல்லை" என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. உங்களை யாரும் திருடி என்று சொல்லவில்லை; மென்பொருளும் சொல்லவில்லை. உங்கள் சொற்கோவைகள் வேறு எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் கூட்டிக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. திருட்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் படித்துப் பார்க்கும் மனிதர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகள் முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். அதன்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டை ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இவையெல்லாம் சமர்ப்பித்த பிறகு, அதற்கான குழு விசாரித்து எடுக்கும் முடிவுகள். நீங்கள் இன்னும் வரைவு நிலையில் இருக்கிறீர்கள். வரைவிலேயே சோதித்துப் பார்த்த நெறியாளர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அவரிடம் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். துணைநூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பகுதிகளையும் விலக்கித்தான் கணக்கிட்டார்களா என்று பாருங்கள். உரிய முறையில் மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பெயர்கள் போன்றவற்றை விலக்க விதிமுறையே இடம் தருகிறது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களுக்கும் விலக்கு உண்டு. இந்த அமைப்புகளைச் சரிசெய்தாலே எண் கணிசமாக இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் மீதி இருப்பது உண்மையான சிக்கல். அது "வரிக்கு வரி சொற்களை மாற்றினேன்" என்று நீங்களே எழுதிய இடத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு வரி எழுதுகிறேன். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "முகத்துவாரத்தில் மணல் சேர்வதால் கடல்நீர் உட்புகுவது குறைந்து இறால் வரத்து பாதிக்கப்படுகிறது." நீங்கள் செய்வது: "ஆற்றுவாயில் மணல் குவிவதால் கடல்நீர் உள்ளே வருவது தாழ்ந்து இறால் வருகை பாதிப்படைகிறது." சட்டை அதேதான், பொத்தான்களை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். பின்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டாலும், நடை இன்னொருவருடையது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ரெபெக்கா மூர் ஹவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். நாம் ஒட்டுப்போட்ட எழுத்து என்று சொல்லலாம். புதிய துறைக்குள், புதிய மொழிக்குள் வரும் மாணவர்கள் கடந்துபோகும் ஒரு கட்டம் அது, குற்றமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று அவர் வாதிட்டார். எனக்கும் அதே கருத்துதான். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் கட்டுரையோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு மூலத்தின் வாக்கியத்தை விட்டு நகரப் பயமாக இருக்கும். நகர்ந்தால் தவறாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ஒட்டுப்போடுகிறோம்.

இதை விடுவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கட்டுரையை முழுதாகப் படியுங்கள். மூடி வையுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து, அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்பதைத் தமிழில், நீங்கள் நேர்காணல் செய்த அக்காக்களில் ஒருவருக்குச் சொல்வதுபோல ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கட்டுரை இன்னும் புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். எழுத முடிந்தால், அந்தத் தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போங்கள். மூலக் கட்டுரையைத் திறப்பது, எண்களும் பெயர்களும் சரியா என்று பார்க்க மட்டும். உங்கள் ஆங்கிலம் எளிமையாக, குட்டை வாக்கியங்களாக வரும். வரட்டும். எளிய ஆங்கிலத்துக்காக ஓர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிய தேர்வாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மூலத்தின் சொற்களே தேவைப்படும் இடத்தில் மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணோடு கொடுங்கள். நம் பழைய உரையாசிரியர்கள் 'என்றார் பிறரும்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் வாக்கை எடுத்தாண்டார்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களில் இன்னொன்றையும் பார்த்தேன். பத்திக்கு ஓர் ஆசிரியர்: இவர் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், அவர் அந்த ஆண்டில் அப்படிச் சொன்னார். இப்படி வரிசையாக அடுக்கினால் ஒவ்வொரு பத்தியும் ஒரே மூலத்தில் சாய்ந்து நிற்கும், ஒப்புமையும் ஏறும். பத்திக்கு ஒரு கேள்வி என்று மாற்றுங்கள். கழிமுகத்தில் மணல் சேர்வதைப் பற்றி யார் யார் பேசியிருக்கிறார்கள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள்? பெண்களின் உழைப்பை எத்தனை பேர் கணக்கில் எடுத்தார்கள்? மூன்று கட்டுரைகளை ஒரு பத்தியில் பேசவைக்கும்போது, நடுவில் நின்று பேசுகிறவர் நீங்களாகத்தான் இருக்க முடியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதற்கு முன் வந்த கட்டுரைகளால் அதற்குப் பின் அந்தப் பெண்கள் எப்படித் தண்ணீரில் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் நேர்காணல் குறிப்பேட்டில் அது இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்னாய்வுகள் இயலில் உங்கள் இடம் எது என்பது தெளிவாகிவிட்டது. பழைய கட்டுரைகளை அந்த டிசம்பர் வரை அழைத்து வந்து நிறுத்துங்கள். அங்கிருந்து உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

பறி என்ற சொல்லை 'பாஸ்கெட்' என்று மாற்றியிருக்கிறீர்கள். வேண்டாம். பறி என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் மீனவர்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' என்ற ஏற்பாட்டை ஆய்வாளர்கள் ஆங்கிலத்திலும் பாடு என்றே எழுதுகிறார்கள். உங்கள் பகுதியின் சொல்லுக்கும் அந்த மரியாதை உண்டு.

இப்போது அந்தக் கடை. அவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்துகளைச் செருகுவது, ஆங்கில எழுத்துக்குப் பதில் அதேபோலத் தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவது போன்ற தந்திரம் ஒன்று. மென்பொருள்கள் இவற்றைத் தனியாகக் கொடியிட்டுக் காட்டுகின்றன; அப்படிப் பிடிபட்டால் அறியாமல் செய்தேன் என்று சொல்லவே முடியாது. இன்னொன்று, சொற்களைத் தானாக மாற்றும் கருவியில் உங்கள் எழுத்தைப் போட்டு எடுப்பது. அப்படி மாற்றியதில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற கலைச்சொல் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வுநிலை) ஆகி, ஆய்விதழ்களிலேயே அச்சேறியதை 2021இல் கியோம் கபனாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். வாய்மொழித் தேர்வில் அப்படி ஒரு சொல்லைக் காட்டி "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால் கடைக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இயலைக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்வதும் இதே வகைதான். இலக்கணப் பிழை பார்க்க மட்டும் பயன்படுத்த நினைத்தால், கல்லூரியின் விதியைக் கேட்டுக்கொண்டு, நெறியாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அந்த 4,000 ரூபாயில் கொஞ்சத்தைப் பயணத்துக்கு வையுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போய், சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான இரண்டை எடுத்து, முன்னாய்வு இயலை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 'ஜோட்டேரோ' என்ற இலவச மென்பொருளை இன்றே நிறுவிக்கொண்டால் துணைநூற்பட்டியலுக்காகக் கடைசி இரவில் அழ வேண்டியிருக்காது.

மூன்று நாளில் கட்டுரை வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம். முனைவர் பட்டத்துக்கே ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. முதுகலையில் உங்களுக்கு என்ன அவசரம்? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, எத்தனை பேரை எந்த மொழியில் நேர்காணல் செய்தீர்கள், அவற்றை எப்படிப் படியெடுத்து வகைப்படுத்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். களப்பணி செய்யும் அமைப்புகளுக்கு அந்த இரண்டு வரி அதிகம் சொல்லும்.

இயல் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் நெறியாளரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு பத்தியை, மணல் சேர்வது பற்றிய பத்தியை, நான் சொன்ன முறையில் புதிதாக எழுதுங்கள். பழைய பத்தியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டி, "இப்படிப் போகலாமா?" என்று கேளுங்கள்.