பெரிய நகரத்தில், சின்ன ஃபிளாட்டில், குழந்தையின் உடை, பொம்மை, அறை அலங்காரம் மூன்றையும் ஸ்டைலாக எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் குழந்தைக்கு ஒன்றரை வயது, இரண்டு படுக்கையறை ஃபிளாட், போனைத் திறந்தால் குழந்தைகள் அறைப் படங்களாக வந்து குவிகின்றன, எதில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பது வருடம் குழந்தைகள் உடை தைக்கும் நிறுவனத்தில் தரப் பரிசோதனையில் இருந்தேன். இப்போது உங்களைப் போலவே ஒரு ஃபிளாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை. குழந்தையின் அறைத் தரையில் பத்து நிமிடம் உட்காருங்கள், அப்புறம் குப்புறப் படுத்தும் பாருங்கள். மகள் தவழ ஆரம்பித்தபோது நான் அப்படிப் படுத்துப் பார்த்தேன். ஆசையாய் வாங்கி மாட்டிய யானைப் படத்தின் கீழ்ச் சட்டம் மட்டும்தான் தெரிந்தது. மேசையின் அடிப்பக்கம், அதில் உதிரும் நிலையில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர், ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு, சுவரில் பிளக் பாயின்ட், இவைதான் அவளுடைய அறை. நான் அலங்கரித்தது வேறு ஓர் அறையை. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் அவள் கண்ணும் கையும் எட்டும் உயரத்தில் வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

உடைக்கு வருவோம். மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு கவுன் வாங்கினேன். நெட் துணி அடுக்கடுக்காக, மார்பில் வெள்ளிச் சமிக்கி. கேக் வெட்டுவதற்குள் "அம்மா, குத்துது" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். களைந்து பார்த்தால் அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு. கவுனை உள்பக்கம் திருப்பினேன். சமிக்கி தைத்த நைலான் நூலின் முனைகள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன, லைனிங் இடுப்போடு நின்றுவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் உடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், என் பிள்ளைக்கு வாங்கியபோது வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு மறைய இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கடையில் உடையைக் கையில் எடுத்ததும் உள்ளே திருப்புங்கள். கழுத்து, அக்குள், இடுப்பு இந்த மூன்று இடத்திலும் தையலை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு லேசாக உறுத்தினால் குழந்தைக்கு நன்றாகவே குத்தும். லேபிள் தைத்ததா, துணியிலேயே அச்சிட்டதா என்று பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள், மடிப்பு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று விரலால் அளந்து பாருங்கள். பிறந்த முதல் வருடத்தில் குழந்தை சுமார் 25 செ.மீ. வளரும், இரண்டாம் வருடம் ஏறக்குறைய 12 செ.மீ., அதன் பிறகு வேகம் குறைந்து வருடத்துக்கு 6 முதல் 8 செ.மீ. இரண்டு வயது வரை விலை உயர்ந்த உடையை நிறைய வாங்கி அடுக்குவதில் அர்த்தமே இல்லை என்பேன். இரண்டுக்குப் பிறகு, கையும் காலும் மடித்துவிட்டுப் போடக்கூடியதாகப் பார்த்தால் ஒன்றரை வருடம் ஓடும்.

பட்டன். எங்கள் பரிசோதனை அறையில் பட்டனை ஒரு கிளிப்பில் கவ்வி மெதுவாக இழுப்போம். பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 71, குழந்தை பிடித்து இழுக்கக்கூடிய பாகம் 90 நியூட்டன் இழுவையை 10 நொடி தாங்க வேண்டும் என்கிறது. அதாவது கிட்டத்தட்ட 9 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. 6 மி.மீ.க்கு மேற்படாத சின்னப் பாகத்துக்கு 50 நியூட்டன். எங்களிடம் வாங்கியவர்கள் உடையில் இருக்கும் பட்டனுக்கும் அதையே கேட்டார்கள். வீட்டில் கிளிப் வேண்டாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, திருகி, பலமாக இழுங்கள். நூல் தெரிந்தால் அந்த உடையைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஒட்டிய கல், ஒட்டிய முத்து இருப்பவற்றை மூன்று வயது வரை தொடவே தொடாதீர்கள்.

சட்டையோடு சேர்ந்த தலைமூடியில் (ஹூட்), கழுத்தில் நாடா தொங்கும் உடைகளும் வேண்டாம். சறுக்குமரத்திலோ லிஃப்ட் கதவிலோ நாடா மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரம், 7 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உடையில் அந்த இடங்களில் நாடாவே கூடாது என்று வைத்திருக்கிறது. நாடா இல்லாத தலைமூடியும் அதே அழகுதான், என்னைக் கேட்டால் இன்னும் நேர்த்தியான வெட்டு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான சாம்பலும் மணல் நிறமும்தான் ஸ்டைல் என்று இப்போது ஒரு போக்கு இருக்கிறது. படத்தில் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் என் மகள் மூன்று வயதில் எடுத்தது எலுமிச்சை மஞ்சள் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்த பிறகு நிறத்தை அவளிடமே விட்டுவிட்டேன். துணி, தையல், அளவு என் பொறுப்பு. நகரத்துக் கூட்டத்தில் பளிச்சென்ற நிறம் பிள்ளையைக் கண்ணில் வைத்துக்கொள்ளவும் உதவுகிறது.

பொம்மை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவள். எண்ணிக்கையைக் குறையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். எங்கள் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டில் ஆறு பொம்மை, மீதி கட்டிலுக்கு அடியில் பெட்டியில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வைப்பேன். பெட்டியிலிருந்து வெளியே வரும் பழைய மர ரயிலைப் புதிதாக வாங்கியது போலவே வரவேற்பார்கள். சின்ன ஃபிளாட்டில் அறை அழகாகத் தெரிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது, ஏற்கெனவே இருப்பதோடு சேரக்கூடியதாகப் பாருங்கள். லெகோ கட்டை இன்றைய வடிவத்தில் 1958-ல் வந்தது, அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். உங்கள் குழந்தைக்கு இப்போது அதே நிறுவனத்தின் பெரிய டூப்ளோ கட்டைதான் சரி. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளைக் குவளை இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பாகம் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாயைப் பயன்படுத்துங்கள். அது சற்று அகலம், அதனால் இன்னும் எச்சரிக்கையான அளவு. அதற்குள் நுழைவது எதுவானாலும் இப்போதைக்கு உயரத்தில் இருக்கட்டும்.

ஒளிரும், பாடும் பொம்மை வந்தால் முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள், திருகாணி இருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை, அதாவது நாணயம் மாதிரி இருக்கும் சின்ன வட்ட பேட்டரியை, குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே பலமாகப் புண்ணாக்கிவிடும். அலங்கார மெழுகுவர்த்தி விளக்கு, பாட்டு வாழ்த்து அட்டை, ரிமோட் போன்றவற்றிலும் இது இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான், காத்திருக்கக் கூடாது.

பழைய காலத்துத் தகரக் கார், பெயின்ட் அடித்த மரக்குதிரை இவற்றை அலங்காரத்துக்கு வாங்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவே வீட்டுப் பெயின்டிலும் பொம்மைகளிலும் ஈயத்துக்குத் தடை கொண்டுவந்தது 1978-ல்தான். அப்படிப்பட்டவை மேல் அலமாரியில் பார்வைக்கு மட்டும்.

அறைக்கு என்ன செய்யலாம்? அளவில் கை வையுங்கள், அதுதான் உண்மையான அலங்காரம். 1907-ல் ரோமில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி குழந்தைகளுக்கான முதல் இல்லத்தைத் தொடங்கி, அங்கே குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன மேசை நாற்காலிகளைப் போட்டார். 1972-ல் நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக், தன் மகன் பெரியவர்களின் சாப்பாட்டு மேசையில் கால் தொங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உட்காரும் பலகையையும் கால் பலகையையும் வயதுக்கேற்ப ஏற்றி இறக்கும் டிரிப் டிராப் நாற்காலியை வடிவமைத்தார். இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. கால் பதிய இடம் கிடைத்ததும் குழந்தை எவ்வளவு நேரம் நெளியாமல் உட்காருகிறது என்று கவனியுங்கள்.

படங்களைக் கீழே இறக்கி மாட்டுங்கள், கண்ணாடிச் சட்டம் இல்லாமல். சுவரின் கீழ் ஒரு மீட்டருக்குத் துடைக்கக்கூடிய பெயின்ட். திரைக்குக் கயிறு வேண்டாம். தொட்டிலுக்குள் உள்விளிம்பைச் சுற்றிக் கட்டும் மெத்து வளையம், குட்டித் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். படங்களில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, மூச்சை அடைக்கும் என்பதால் அமெரிக்கா 2022-ல் அந்த மெத்து வளையங்களையே தடை செய்துவிட்டது.

இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணையுங்கள். இதை நான் தள்ளிப்போட்டிருந்தேன். மகன் மூன்று இழுப்பறைகளை இழுத்து, படிக்கட்டாக்கி ஏறினான். அலமாரி முன்பக்கம் சாய்ந்து எதிரே இருந்த கட்டிலின் விளிம்பில் நின்றது. அறை சின்னதாக இருந்ததால் பிள்ளை தப்பினான். அன்று மாலையே துளை போட ஆள் வந்தார். வாடகை வீடு என்று தயங்காதீர்கள், காலி செய்யும்போது இரண்டு துளையை அடைப்பது அரை மணி நேர வேலை.

உங்கள் குழந்தையின் வயதுக்கு இந்த வாரமே ஒன்று வாங்குவதென்றால், கதவுக்கருகே மாட்ட இரண்டு மரக் கொக்கி வாங்குங்கள். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், அதன் கண்ணுக்கு நேராக வரும் உயரமும் அதுவே, அதனால் உலோகக் கொக்கி வேண்டாம், முனை உருண்டையாக இருக்கட்டும். ஒன்றில் வெளியே போகும்போது போடும் சட்டை, இன்னொன்றில் ஒரு சின்னப் பை. முதல் நான்கைந்து நாள் எல்லாம் தரையில்தான் கிடக்கும். அப்புறம் ஒருநாள் நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே பையைத் தானே எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நிற்கும்.