‘பசுமை பேக்கேஜ்’ எடுக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: 15 வருடப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வீட்டுக் கடன் தவணை தொடங்கிவிட்டது. வாங்கியது போகக் கையில் இருப்பது 8 மாதக் குடும்பச் செலவுக்கான தொகை. சுற்றுச்சூழலைக் கெடுக்காத வகையில் வீட்டைச் சீரமைக்க ஆசைப்பட்டு ஓர் இன்டீரியர் நிறுவனத்தை அணுகினோம். மூங்கில் தரை, ‘இயற்கை’ பெயின்ட், மாடுலர் சமையலறை, மறுசுழற்சி மரத்தில் சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை என்று எல்லாம் சேர்த்து ஒரு ‘பசுமை பேக்கேஜ்’ கொடுத்திருக்கிறார்கள். அதன் விலை எங்கள் கையிருப்பைப்போல ஒன்றரை மடங்கு. பாதியை ரொக்கமாகக் கொடுத்தால், மீதிக்கு 3 வருடக் கடன், பிளாட் ரேட் 10% வட்டியில் ஏற்பாடு செய்வார்களாம். ‘மின் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்திலேயே கடன் அடைந்துவிடும்’ என்கிறார்கள். பழைய மர அலமாரி, கட்டில், ஃபிரிட்ஜ் எங்களிடம் இருக்கின்றன. பேக்கேஜை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டைச் சீரமைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த பேக்கேஜ் வேண்டாம், இந்தக் கடன் நிச்சயமாக வேண்டாம்.

மின் கட்டணம் மிச்சமாகும் என்கிறார்களே, அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தரை, பெயின்ட், சமையலறை அலமாரி, சோபா, கட்டில், மேசை. இதில் மின் மீட்டரைத் தொடும் பொருள் ஒன்றுகூட இல்லை. மூங்கில் தரை போட்டதால் ஒரு யூனிட்கூடக் குறையப்போவதில்லை. கடனை எந்த மிச்சத்திலிருந்து அடைப்பது?

அடுத்து, வட்டி. ‘பிளாட் ரேட் 10%’ என்பது கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். 100 கடன் வாங்கினால் வருடத்துக்கு 10 வீதம் 3 வருடத்துக்கு 30 வட்டி. மொத்தம் 130. அதை 36 மாதமாகப் பிரித்தால் மாதம் 3.61. ஆனால், மாதா மாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? 18 மாதம் முடியும்போது பாதி அசல் திரும்பிப் போயிருக்கும். அப்போதும் முழு 100-க்கும் வட்டி வாங்குகிறார்கள். குறையும் நிலுவைக்கு வட்டி என்ற முறையில் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 18% வட்டி. உங்கள் வீட்டுக் கடன் விகிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும்.

நீங்கள் தயங்கினால் ‘வட்டியில்லாத் தவணை’ என்று அடுத்த சீட்டை இறக்குவார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் என்ன விலை? ரொக்கத்துக்கு 90 என்றும் 12 மாதத் தவணையில் 100 என்றும் பதில் வந்தால், நீங்கள் கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 20% வட்டி. செயலாக்கக் கட்டணம் வேறு இருந்தால் அது தனி.

இப்போது உங்கள் கையிருப்பு. பேக்கேஜில் பாதி என்றால் 6 மாதச் செலவுக்கான பணம் போய்விடும். மிஞ்சுவது 2 மாதத்துக்கு. வீட்டுக் கடனும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இது மிகவும் குறைவு. (அந்த 8 மாதக் கணக்கில் வீட்டுக் கடன் தவணையைச் சேர்த்தீர்களா? பலர் சேர்ப்பதில்லை. சேர்க்கவில்லை என்றால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.) 6 மாதச் செலவுக்கானதை அவசர நிதியாக ஒதுக்கித் தொடாமல் வைத்துவிடுங்கள். மீதி 2 மாதத் தொகைதான் இப்போதைக்கு வீட்டுக்கான பட்ஜெட். அதிலும் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத வேலைக்கு என்று தனியாக வையுங்கள். பழைய வீட்டில் சுவரைத் தொட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பணத்தில் முதல் செலவு தண்ணீருக்கு. ஈரம் ஏறிய சுவரில் எந்த விலைக்கு வாங்கிய பெயின்ட் அடித்தாலும் உரிந்து விழும். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாயையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; காற்றோட்டம் கொடுத்தால் போதும். இரண்டுக்குமான செலவு மலைக்கும் மடுவுக்கும்.

சொட்டும் குழாயையும் இப்போதே சரி செய்யுங்கள். ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்துக்கொண்டால்கூட, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 7,900 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. வாஷர் மாற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும். கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கசிவு சத்தம் போடாது, அதனால் வருடக்கணக்கில் ஓடும்.

பிறகு மின்சாரம். இங்கேதான் போட்ட பணம் உண்மையிலேயே திரும்பி வரும். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி தருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு ஒரு பல்புக்கு 93 யூனிட் மிச்சம். ஏற்கெனவே எல்.இ.டி போட்டிருந்தால் இதை விட்டுவிட்டு மின்விசிறிக்குப் போங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி என்ற, குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் ஓடும். தினம் 10 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 164 யூனிட். உங்கள் ஊர் யூனிட் விலையால் பெருக்கி, அந்தத் தொகையால் பொருளின் விலையை வகுத்தால் எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும் என்று கிடைத்துவிடும். 2 வருடத்தில் திரும்பினால் அது வருடத்துக்கு 50% வருமானம், அதற்கு வரியும் கிடையாது. இதைத் தரும் டெபாசிட் எனக்குத் தெரிந்து இல்லை. அதே ஃபேனை விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறையில் மாட்டினால் கதை வேறு. உங்கள் ஆயுளில் அது திரும்பாது. ஆகவே, வீடு முழுக்க ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதிக நேரம் ஓடும் அறையில் தொடங்குங்கள்.

ஃபிரிட்ஜை வயதைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறிய மீட்டர் கிடைக்கும். ஒரு வாரம் ஓடவிட்டு 52-ஆல் பெருக்கி, புது மாடலின் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டோடு ஒப்பிடுங்கள். புதிது வாங்கினால் பழையதை ‘இருக்கட்டுமே’ என்று இன்னொரு அறையில் ஓட்டுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் மிச்சம் எல்லாம் அங்கே போய்விடும்.

வெயில் அறையைச் சுடுகிறது என்றால், கண்ணாடிக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே நிழல் கட்டுவது அதிகம் பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு வெப்பம் அறைக்குள்தானே இருக்கிறது? அடுக்குமாடி என்பதால் வெளியே எதையும் மாட்டும்முன் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மரச்சாமான். மிகப் பசுமையான கட்டில் எது என்று கேட்டால், உங்களிடம் இருக்கிறதே அதுதான். அதற்காக இன்னொரு மரம் வெட்ட வேண்டியதில்லை, லாரியும் ஓட வேண்டியதில்லை. அலமாரியையும் கட்டிலையும் பாலிஷ் போட்டு, கீல் மாற்றி வையுங்கள். ஒரே எச்சரிக்கை: மேலே மிகப் பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம்.

தேவையான மற்றவற்றைப் பழைய சாமானாகவே தேடலாம். சாமானைப் பார்க்கப் போகும்போது முகப்பைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள். பலகையும் பலகையும் விரல் கோத்ததுபோல் பொருந்தியிருந்தால் நல்ல தச்சு வேலை. ஸ்டேப்பிள் அடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்பக்கமும் காலடியும் பாருங்கள். குண்டூசித் துளைகளும் அதன் கீழே மாவுபோலப் புதுத் தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அழுத்திய மரத்தூள் பலகையில் விளிம்பு உப்பியிருந்தால் தண்ணீர் பட்டுவிட்டது, அதில் திருகு இனி பிடிக்காது. மெத்தையும் தையல் மடிப்புள்ள சோபாவும் மட்டும் பழையதாக வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்தால் விரட்டும் செலவு சோபா விலையைத் தாண்டும்.

புதிதாக வாங்கினால் ‘இயற்கை’, ‘பசுமை’ என்ற சொற்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு. மரம் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எஃப்.எஸ்.சி சான்று இருக்கிறதா? பலகையின் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவு இ1 என்ற தர வரம்புக்குள் இருக்கிறதா, அதைவிடக் குறைவா? பெயின்டிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனம் (வி.ஓ.சி) லிட்டருக்கு எத்தனை கிராம்? ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே இது வெறும் வாசனை விவகாரம் இல்லை. மறுசுழற்சி மரம் என்றால் எத்தனை சதவீதம், எந்தப் பசை என்றும் கேளுங்கள். மூங்கில் வேகமாக வளர்வது உண்மை. ஆனால், தரைப் பலகையாக வரும்போது அது பசையால் ஒட்டி அழுத்தியதுதான். நன்றாக இருக்கும் பழைய டைல்ஸைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு அதைப் போடுவதில் பசுமை எங்கே இருக்கிறது?

சமையலறையைக் கொஞ்ச மாதம் புழங்கிய பிறகு முடிவு செய்யுங்கள். எந்தக் கதவு இடிக்கிறது, எந்த மூலை வீணாகிறது என்று அப்போதுதான் தெரியும். உள்சட்டம் உறுதியாக இருந்தால் கதவையும் கீலையும் மட்டும் மாற்றினால் போதும்.

அதற்கான பணத்துக்கு வழி இருக்கிறது. கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்கக்கூடிய அதே மாதத் தவணையை, 100-க்கு 3.61 வீதம், உங்கள் பெயரிலேயே தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். வட்டியே இல்லை என்று வைத்தாலும் 28-வது மாதத்தில் கடன் தொகை முழுக்கச் சேர்ந்துவிடும். கடனில் போயிருந்தால் 36 மாதம் கட்ட வேண்டும். தொடர் வைப்பு என்றால், இடையில் வேலைக்கோ உடம்புக்கோ ஏதாவது ஆனால் பணம் போடுவதை நிறுத்தலாம். யாரும் போன் செய்து மிரட்ட மாட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் வேலைத்தரம் பிடித்திருந்தால் உறவை முறிக்க வேண்டாம். பேக்கேஜைப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் பொருள் விலை, கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் போகக் கூடாது. கடைசி 10 சதவீதத்தை, வேலை முடிந்து குறைகளைச் சரிசெய்த பிறகுதான் தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.