மங்கிய மார்பிள் தரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டை 1994-இல் எடுத்துக் கட்டியபோது கூடம் முழுவதும் ராஜஸ்தானின் மக்ரானா மார்பிள் போட்டோம். இப்போது ரேழியிலிருந்து அடுக்களை வரை ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் மங்கிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மெழுகு பூசினால் போதும் என்கிறார் ஒருவர். மெஷின் வைத்து ஏழு கல் ஓட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, திருவிடைமருதூர்

பதில்: மெழுகுக்காரரை அனுப்பிவிடுங்கள். மற்றவர் சொல்லும் ஏழு கல்லும் (சொரசொரப்பானதில் தொடங்கி நுண்மையானது வரை மெஷினில் ஒவ்வொன்றாக மாட்டித் தேய்க்கும் கற்கள்) தேவையா என்பதைத் தரையைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மார்பிளின் முகம் மிக நுண்மையாகத் தேய்த்துச் சமன் செய்யப்பட்டிருப்பதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது; அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிள் 3-இல் நிற்கிறது. ஆற்று மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7-இல் நிற்கிறது. செருப்பை வாசலில் விட்டு வந்தாலும் பாதத்தோடு வரும் மணல், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையைக் கூடத்தில் இழுக்கும்போது அடியில் சிக்கும் மண் ஆகிய எல்லாமே உப்புத்தாள் வேலையைத்தான் செய்கின்றன. தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில், 1798-இல் மறைந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு செய்வித்த வெண்பளிங்குச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கூடத்தில் நெடுநாள் நகர்த்தாத பீரோ இருந்தால் அதை நகர்த்தி, அடியில் இருக்கும் கல்லையும் நடைதடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இழந்தது எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் கீறல்கள் வரிவரியாக எழும். அவற்றின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் 50 அல்லது 100 நம்பர் வைரக் கல்லிலிருந்து தொடங்கத்தான் வேண்டும்; நம்பர் ஏற ஏறக் கல் நுண்மையாகும். தடுக்காமல் வழுக்கினால் 400-இலிருந்து தொடங்கி 800, 1500, 3000 என்று ஏறினால் போதுமானது. கல்லும் வீணாகாது, கூலியும் குறையும்.

வேலை நடக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நம்பரும் அதற்கு முந்தைய நம்பர் விட்டுச்சென்ற கீறலை முழுவதும் அழித்த பிறகே அடுத்த நம்பரை ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினாலும், முந்தைய நம்பரின் பால் போன்ற சேற்றைக் கழுவாமல் அடுத்ததை ஓட்டினாலும், முற்றத்து வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் வட்ட வட்டமான சுழிகள் தெரியும். ஆகவே 400 முடிந்ததும் தரையைக் கழுவித் துடைத்து, உலரவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தில் எந்தத் தரையும் அழகாகத்தான் தெரியும். கடைசியில் தேய்க்கும் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி மார்பிளோடு வினைபுரிந்து மேற்பரப்பில் மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது; அது நஞ்சு என்பதால் குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, பலமுறை அலசிவிடவும். சேற்று நீரைச் சாக்கடைக் குழாயில் விட்டால் அது சுண்ணாம்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு வண்டலைக் குப்பையில் கொட்டச் சொல்லுங்கள்.

மெழுகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சில வாரம் மினுக்கும், பிறகு மஞ்சளாகி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி மெஷின் போடும் நாளில் முதலில் அதை உரித்தெடுக்கவே ஒரு பகல் போய்விடும்.

கேள்வி: மழைக்காலம் முடிந்தால் எங்கள் வீட்டு மார்பிளில் வெள்ளைப் பொடி பூக்கிறது, சில இடங்களில் கல் செதில் செதிலாக உதிர்கிறது. தை மாதம் வீட்டில் கல்யாணம். அதற்குள் பாலிஷ் போட்டுவிடலாமா?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: போட வேண்டாம். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறும். அந்த நீரோ உப்பு நீர். அது தளத்தின் வழியே கல்லுக்குள் ஏறி, மேற்பரப்பில் காயும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளரக் கல்லின் தோலைத் தள்ளி உதிர்க்கிறது. டெல்டாவில் எல்லாரும் பொங்கலுக்கும் தைக் கல்யாணத்துக்கும் முன்னால்தான் பாலிஷ்காரரைத் தேடுகிறோம். தரை ஆண்டிலேயே அதிகமாக நீர் குடித்திருக்கும் காலம் அதுதான்.

இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கல் கறுத்திருந்தாலோ பங்குனி, சித்திரை வரை காத்திருங்கள். அதுவரை உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். மேலே சீலர் (கல்லின் துளைகளை அடைக்கும் பூச்சு) பூசச் சொல்வோரையும் நம்ப வேண்டாம். வெளியேற வழியில்லாத உப்பு தோலுக்கு அடியில் படிந்து, பெரிய செதிலாகப் பெயர்க்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் கல்லுக்குக் கல் தட்டிக்கொண்டே போங்கள். களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் சில கற்களுக்கு அடியில் காலி விழுந்திருக்கும். அவை ‘டொக்’கென்று பொள்ளலாக ஒலிக்கும். அவற்றின் மேல் கனமான மெஷின் ஏறினால் விரிசல் விட்டுவிடும் என்பதால், முதலில் பெயர்த்துப் பதிக்க வேண்டும். உதிர்வது பாதிக் கூடத்துக்கு மேல் பரவியிருந்தால் பாலிஷுக்கான பணத்தைச் சேர்த்து வையுங்கள்: கற்களை எடுத்து, ஜல்லி பரப்பி, கனத்த பாலித்தீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு மறுபடி பதிப்பதுதான் வழி. கல்யாணத்துக்கு ஜமக்காளம் விரித்துச் சமாளியுங்கள்.

கேள்வி: பூஜை அறையில் மஞ்சள் கறையும் குத்துவிளக்கு எண்ணெய்க் கறையும் ஊறிவிட்டன. சோப்பு போட்டுத் தேய்த்ததில் மஞ்சள் சிவப்பாக மாறிவிட்டது. கல் கெட்டுவிட்டதா?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: கல்லுக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் காரத்தில் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சோப்பிலும் சோடா மாவிலும் காரம் இருப்பதால் இந்தக் கறைக்கு இரண்டும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சாக் பவுடரில் விட்டு வெண்ணெய்ப் பதத்துக்குக் குழைத்து, கறையின் மேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பற்று தானாகக் காயும்வரை காத்திருங்கள். காயும்போதுதான் அது கறையை உறிஞ்சி மேலே இழுக்கும். மரக் கரண்டியால் சுரண்டி எடுத்துத் துடைத்து, கறை மிச்சமிருந்தால் மறுபடியும் செய்யலாம்.

எண்ணெய்க்கும் இதே முறைதான். பெராக்சைடுக்குப் பதில் அசிட்டோன் சேர்க்க வேண்டும். அது சட்டென்று தீப்பற்றும் என்பதால் அன்று அந்த அறையில் விளக்கு ஏற்றக் கூடாது. ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பல வருடம் ஊறிய எண்ணெயின் நிழல் முழுவதும் போகாது. இனி விளக்குக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம் வையுங்கள்.

கேள்வி: குளியலறை ஆசிட்டை விட்டு மார்பிளைத் துடைத்தார் வேலைக்காரம்மா. நுரைத்தது, பிறகு சொரசொரப்பாகிவிட்டது. எதை விட்டுத் துடைத்தால் பழைய நிலை வரும்?
— வாசகர், மன்னார்குடி

பதில்: எதை விட்டுத் துடைத்தாலும் வராது. மார்பிள் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் நுரையாக வந்தது கரியமில வாயு, கரைந்து போனது உங்கள் கல். அந்த இடத்தை மட்டும் கை மெஷினால் தேய்த்து எடுத்தால் ஒரு குழிவு தெரியும் என்பதால், அந்தக் கல் முழுவதையும் ஓரத்துக்கு ஓரம் தேய்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் இதையே மெதுவாகச் செய்யும். நாள்தோறும் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும்; அதற்கு முன்னால் மணல் இல்லாமல் பெருக்க மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்.