ஸ்டீராய்டுக்கும் ஆறாத புண்: வெட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கெண்டைக்காலில் எட்டு மாதமாகப் புண். பயோடெர்மா கேங்ரினோசம் என்றார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, அப்புறம் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தும் பெரிதாகிறது. புண்ணை வெட்டிச் சுத்தம் செய்து தோல் ஒட்டலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இது கிருமியால் வரும் புண் அல்ல. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் கட்டுமீறித் தோலையே அரிக்கின்றன. இந்த நோயில் சிலருக்குச் சின்னக் கீறல் பட்ட இடமும் புண்ணாகிவிடும். அழற்சி அடங்காமல் வெட்டினால் புண் விரியலாம், ஒட்டுத்தோல் எடுத்த தொடையிலும் புதுப் புண் கிளம்பலாம்.

இரண்டு மருந்தும் கேட்கவில்லை என்பதால் மனம் தளராதீர்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விரண்டையும் ஒப்பிட்டது. எதை எடுத்தவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே ஆறு மாதத்தில் புண் ஆறியது.

முதலில், நோய் இதுதானா என்று மறுபடி பாருங்கள். ஓரம் கருநீலமாகி, அடியில் குடைந்து, பார்த்தால் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் ரத்தநாளக் கோளாறு, காசநோய், பூஞ்சை, புற்றுநோய் எல்லாம் இதே வேஷம் போடும். ஓரத்திலிருந்து பயாப்சியும் (சிறு திசுவை வெட்டி எடுத்துச் சோதிப்பது) திசுக் கல்ச்சரும் (அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எடுக்கவில்லையென்றால் இப்போது கேளுங்கள். கீறலே புண்ணாகலாம் என்றேனே என்று அதற்கான சின்ன வெட்டுக்குப் பயப்பட வேண்டாம்; நோயை உறுதிசெய்ய அது தேவை. கூடவே குடல் அழற்சி, மூட்டுவாதம், ரத்தப் புற்றுநோய் உண்டா என்றும் தேட வேண்டும். அவை அடங்காதவரை புண்ணும் அடங்காமல் போகலாம்.

நோய் உறுதியானால் அடுத்த படி, அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது அடாலிமுமாப். முன்னது நரம்பில் ஏற்றுவது, பின்னது தோலடியில் போடும் ஊசி. குடல் அழற்சியும் இருந்தால் ஒரே மருந்து இரண்டுக்கும் உதவும். ஆரம்பிக்கும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உறங்கிக் கிடக்கும் கிருமி இந்த மருந்துகளால் விழித்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

வீட்டில் உப்புநீரால் (சலைன்) மெல்லக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் ஊறவிட்டு எடுங்கள். வாரம் ஒருமுறை பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மருந்து வேலை செய்தால் முதலில் வலி குறையும், பிறகு ஓரத்துக் கருநீலம் மங்கும். புண் சுருங்குவது அதற்கப்புறம்தான். காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.