தாராவும் ஆமையும் ஒரே தொட்டியில் வாழுமா?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். தம்பி வாங்கித் தந்த நாலு தாராக்குஞ்சுகளுக்கு இப்போது இரண்டரை மாதம். மாரியில் வயல் வாய்க்காலில் மகன் ஓர் ஆமையைப் பிடித்து வந்தான். அதையும் தாராக்களையும் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் ஒன்றாகத்தான் விடுகிறோம். தண்ணீர் இரண்டு நாளில் பச்சையாகி நாறுகிறது. ஒரு தாரா நொண்டுகிறது. ஆமை ஒரு கிழமையாக ஒன்றும் தின்னவில்லை. “ஆமை புகுந்த வீடு உருப்படாது, கொண்டுபோய் விடு” என்று மாமி நிற்கிறா. இரண்டையும் எப்படிப் பராமரிப்பது?

பதில்: மாமி சொல்லும் காரணத்தை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அவ சொல்லும் முடிவு சரிதான். ஆமை போகவேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நொண்டும் தாராவைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

அதைப் பிடித்து மடியில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பி, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் கறுத்த பொருக்கும், சுற்றிவர வீக்கமும் சூடும் இருந்தால் அது பாதப்புண். சீமெந்துத் தரையின் சொரசொரப்பில் தோல் உராய்ந்து, அழுக்கு ஈரத்தில் கிருமி புகுந்து வருவது. பொருக்கை நோண்டாதீர்கள். இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் காலைச் சிறிது நேரம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, அயடீன் பூசி, காய்ந்த உமியில் விடுங்கள்.

உள்ளங்கால் சுத்தமாக இருந்து, முழங்கால் போலத் தெரியும் மூட்டு தடித்து, கால் வில் போல வளைந்திருந்தால் கோளாறு தீனில். தாராக்குஞ்சுக்கு நியசின் என்ற பி விட்டமின் கோழிக்குஞ்சை விடக் கூடுதலாகத் தேவை. கோழித்தீனை மட்டும், அதுவும் சோறும் குறுநலும் கலந்து மலிவாக்கிக் கொடுத்தால் அது போதாமல் போகும். வன்னியில் நான் பார்க்கும் நொண்டித் தாராக்களில் இந்தக் கதை அடிக்கடி வரும். கோழி மருந்துக் கடையில் பி விட்டமின் கலவை கிடைக்கும். போத்தலில் உள்ள அளவுப்படி குடிதண்ணீரில் கலந்து கொடுங்கள். உங்கள் பக்கம் சூடை மீனுக்குப் பஞ்சமில்லை. தலையையும் குடலையும் அவித்து, முள் குத்தாதபடி மசித்துக் கொடுத்தால் நியசினும் கிடைக்கும், புரதமும் கிடைக்கும். உப்புக் கருவாடு மட்டும் வேண்டாம். உப்பு கூடினால் தாராவுக்கு நஞ்சு.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டில் நடக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். கோழியைப் பிடிப்பதுபோலத் தாராவைக் காலில் பிடித்துத் தூக்குகிறீர்களா? தாராவின் கால் உடம்பின் பாரத்துக்கு மெல்லியது, சுளுக்கும், முறியும். இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து அணைத்துத்தான் தூக்கவேண்டும்.

சரி, இனித் தண்ணீர். தாரா வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் குளம் இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். தாராவுக்குக் குளம் கட்டாயமில்லை. தலையை முழுதாக அமிழ்த்தி, மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவ ஆழம் இருந்தால் போதும். அரை அடி ஆழமான ஒரு பிளாஸ்டிக் பேசின் நாலு தாராவுக்குத் தாராளம். அது இல்லாவிட்டால் கண்ணில் பீழை கட்டும், மூக்கு அடைபடும், இறகில் எண்ணெய் பூச முடியாமல் ஊத்தையாகும். தீன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் தண்ணீர் இருக்கவேண்டும்; உலர்ந்த தீனை வாயில் அள்ளியதும் தண்ணீருக்கு ஓடும் பறவை அது, இல்லாவிட்டால் விக்கும்.

பேசினை இரவு கவிழ்த்துவிட்டுக் காலையில் புதுத் தண்ணீர் விடுங்கள். கவிழ்க்கும் தண்ணீர் நல்ல பசளை, வாழைக்கு ஊற்றலாம். கோடையில் கிணறு வற்றும்போது சீமெந்துத் தொட்டியை நிரப்பி மாற்றுவது உங்களால் முடியாது. பேசின் என்றால் முடியும்.

கோடையில் இன்னொரு கவனமும் வேண்டும். ஆடி, ஆவணியில் சின்னக் குளங்கள் சுருங்கிச் சேறாகும்போது செத்த மீன், அழுகிய பாசி, புழு எல்லாம் ஓரத்தில் ஒதுங்கும். பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு அங்கேதான் உருவாகும். காலையில் நன்றாக மேய்ந்த தாரா மாலையில் கழுத்தைத் தூக்க முடியாமல், தலை மண்ணில் தொங்கப் படுத்துக் கிடக்கும். பலர் இதைப் பாம்பு கடித்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து மற்றத் தாராக்களை உடனே பிரித்து, நிழலில் விட்டு, சுத்தமான தண்ணீர் வைத்து, மிருக வைத்தியரை அழையுங்கள். செத்துக் கிடப்பதைத் தோண்டிப் புதைத்துவிடுங்கள். அதில் வரும் புழுவைத் தின்றால் அடுத்ததும் சாகும்.

தீன் பற்றி இன்னும் கொஞ்சம். வளர்ந்த தாரா ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 150 கிராம் தின்னும். வளரும் பருவத்துக் கோழித்தீனை அடிப்படையாக வைத்து, கங்குன் கீரை, அசோலா என்ற நீர்த்தாவரம், நத்தை, மண்புழு என்று வளவில் கிடைப்பதைச் சேருங்கள். முட்டைப் பருவம் வரும்போது, அநேகமாக ஐந்தாறு மாதத்தில், முட்டைக்கோழித் தீனுக்கு மாற்றிச் சிப்பித்தூளும் வையுங்கள். பாண் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் கச்சான் புண்ணாக்கையும் மட்டும் எந்த நிலையிலும் போடாதீர்கள். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது தீனில் இருந்த கச்சான் புண்ணாக்கின் பூஞ்சணம்தான் காரணம். அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்ததே அப்படித்தான். அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி தாராக்குஞ்சுக்கு மிகக் குறைவு. கச்சான் ஆய்ந்து முடிந்ததும் சொத்தைகளை முற்றத்தில் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

மருந்து அடித்த வயலுக்குள்ளும் விடாதீர்கள். பக்கத்து வயல்காரர் என்றைக்கு அடிக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க் கையேடுகளில் இல்லாத ஒரு விஷயம் உங்கள் மண்ணில் இருக்கிறது. தாரா சேற்றை அலகால் சலித்துத் தின்னும். வன்னி வளவுகளில் அந்தச் சேற்றுக்குள் ஆணி, கம்பித்துண்டு, தகர நறுக்கு, பழைய பற்றரித் துண்டு, துப்பாக்கிச் சன்னம் எல்லாம் இன்னும் கிடக்கின்றன. கம்பி குடலைக் குத்தும். ஈயம் மெல்லக் கொல்லும்: எச்சம் கடும் பச்சையாகப் போகும், சிறகு தொங்கும், தின்றாலும் மெலியும். காந்தம் கட்டி இழுத்தால் ஆணியும் கம்பியும் ஒட்டும், ஈயம் ஒட்டாது. ஆகவே மேயும் இடத்தை ஒரு மழைக்குப் பிறகு நடந்து கண்ணால் பார்த்துப் பொறுக்குங்கள். தாராவுக்கென்று குழி வெட்டும் எண்ணம் இருந்தால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் மண்வெட்டியை வையுங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

கொட்டில் பெரிய வேலையில்லை. நாலு தாராவுக்குப் பதினாறு சதுர அடி, கிடுகுக் கூரை, மேலே காற்றுப் போக இடைவெளி, தரையில் காய்ந்த உமி. தாரா கொப்பில் ஏறிப் படுக்காது, அதனால் கீரியும் மரநாயும் நரியும் வந்தால் தப்ப வழியில்லை. மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். தடித்த கம்பிவலை போட்டு, அடியை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். இந்த வயதில் குரல் பிரிந்திருக்கும். உரத்துக் கத்துவது பேடு, கரகரப்பது சேவல். நாலில் இரண்டு சேவல் என்றால் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சேவல்கள் மாறிமாறி மிதித்துப் பேடுகளின் முதுகுத் தோல் மிஞ்சாது.

இனி ஆமை. மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வயல் வாய்க்காலில் கிடைத்தது என்றால் அநேகமாக இரண்டில் ஒன்று. ஓடு வழுவழுப்பாகத் தோல் போல இருந்து, கழுத்து நீண்டு, வயிற்றுப்பக்கம் பின்னங்காலை மூடும் இரண்டு மடல்கள் இருந்தால் பாலாமை. விரலைக் கவ்வினால் இலேசில் விடாது, பின்பக்கத்தில்தான் பிடிக்கவேண்டும். ஓடு கெட்டியாகக் கறுத்து, முதுகில் நீளமாக மூன்று வரம்புகள் ஓடினால் கறுப்பாமை. மஞ்சள் நட்சத்திரக் கோடுகளோடு ஓடு உயர்ந்து குவிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. அது தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது, தொட்டியில் மூழ்கிச் செத்துவிடும். அப்படியென்றால் இப்போதே வெளியே எடுங்கள்.

மூன்றுமே இலங்கையில் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைத்திருப்பது குற்றம். சின்னப் பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தது என்பதும், நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்பதும் சட்டத்துக்கு விளங்காது.

சட்டத்தை விட்டாலும், அந்தத் தொட்டி அதற்கு ஆகாது. தாரா தண்ணீருக்குள்ளேயே எச்சமிடும். ஆமை அதே தண்ணீரில் கிடந்து, அதிலேயே தின்று, அதையே குடிக்கவேண்டும். எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் தோலையும் அரிக்கும். ஏறிக் காய இடமில்லை. தலையை நீட்டும்போதெல்லாம் தாரா கொத்தும். தின்னாமல் கிடப்பதில் வியப்பே இல்லை. மறுபுறம், பெரிய பாலாமை தாராவின் காலைக் கடிக்கவும் கூடும். இரண்டுமே வெளியில் ஒன்றும் தெரியாமல் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்க 1975 இல் தடை வந்தது இந்தக் கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தொடவே விடாதீர்கள். மற்றவர்கள் தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

மாதக்கணக்கில் தாராவோடு இருந்த ஆமையை நேரே வாய்க்காலில் விடுவதும் சரியில்லை, நோயையும் சேர்த்து விட்டதாகிவிடும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, கிடைத்த இடத்தையும் காலத்தையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, நட்சத்திர ஆமை அல்லாவிட்டால், தனிப் பேசினில் முதுகு மூடும் அளவுக்குத் தண்ணீர், ஏற ஒரு கல், பாதி நிழல். வெறும் வெயிலில் வைத்தால் அந்தச் சிறு தண்ணீர் மத்தியானத்துக்குள் கொதித்துவிடும். கிணற்றில் போடாதீர்கள், ஏறிக் காயக் கரை கிடையாது. ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஓடு உயிருள்ள எலும்பு, அதற்கு வலிக்கும்.

மகன் அழுதால், அலங்கார மீன்கடையில் விற்கும் சிவப்புக்காது ஆமையை வாங்கித் தரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். காசு அளவில் வரும் குட்டி சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளரும், 20, 30 வருடம் இருக்கும். யாராவது ஏற்கெனவே தந்துவிட்டார்கள் என்றால் பெரிய தொட்டியும், கண்ணாடி வழியாக அல்லாமல் நேரே படும் காலை வெயிலும், கீரையும், சுண்ணாம்புச்சத்துக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடும் கொடுங்கள். அலுத்துப்போனால் குளத்தில் விடமட்டும் கூடாது. நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

ஆமை போனபின் சீமெந்துத் தொட்டியை உரஞ்சிக் கழுவி, குளோரின் தூள் கரைத்து ஊற்றி, மறுபடி அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுத் தாராவுக்குக் கொடுக்கலாம், மாரியில் மட்டும். நொண்டும் தாரா ஐந்து நாளில் தேறாவிட்டால், அல்லது வீக்கம் காலுக்கு மேலே ஏறினால், கடகத்துக்குள் சாக்கு விரித்து வைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். என்ன தீன் போட்டீர்கள் என்று கேட்பார்கள், பையில் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள்.